சிவாஜிநகரில் ஒரு நார்மல் நாள்

1

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நாலு வரி எழுதினேன், படித்துப் பார்த்தேன், எனக்கே கொட்டாவி வந்தது. அழித்துவிட்டு ரீல்ஸ் பார்க்கப் போய்விட்டேன். அப்புறம்தான் சாதிக் போன் போட்டான்.

ஜோலார்பேட்டைக்காரர்களுக்கு சாதிக்கை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்டேஷன் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். உங்கள் கையில் இருக்கிற இந்த ஊர்ப் பத்திரிகையை மாதம் ஒரு முறை பின் அடித்து வெளியிடுகிறவனும் அவன்தான். இதில் வெளியூர் போனவர்கள் எழுதும் பக்கம் ஒன்று இருக்கிறதே, அதில் துபாயிலிருந்து ஒருத்தர் மணல் காற்றைப் பற்றி எழுதினார். கனடாவிலிருந்து ஒருத்தர் பனியைப் பற்றி எழுதிக் கண்கலங்கினார்.

“இந்த மாசம் யாரும் அனுப்பல. நீ எழுதுடா,” என்றான்.

“டேய், நான் இருக்கறது பெங்களூரு. காலைல ரயில் ஏறுனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். நான் எப்படிடா புலம்பெயர்ந்தவன்?”

“வருஷம் ஒண்ணாச்சில்ல? போன் பண்ணா புலம்பற. அது போதும், எழுது.”

உண்மைதான். வந்து ஒரு வருஷம் முடிந்தது. தொம்மலூரில் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அக்கா அன்றைக்குக் கேசரி கிளறினாள். அக்கா மகள் தர்ஷினி, இரண்டாம் வகுப்பு, என்ன விசேஷம் என்று தெரியாமலே எனக்கு ஹேப்பி பர்த்டே பாடினாள். எனக்கும் என்ன விசேஷம் என்று தெரியவில்லை. கேசரி நன்றாக இருந்தது.

முதலில் ஒரு விஷயத்தைச் சரி செய்துவிடுகிறேன். அம்மா நம் தெருவில் என்னை இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். சித்தப்பா ஐடி என்கிறார். பால்காரர் போன தடவை என்னிடமே, “தம்பி, கம்ப்யூட்டர்ல உக்காந்து உக்காந்து கறுத்துட்டியே,” என்றார். அண்ணே, கம்ப்யூட்டர் யாரையும் கறுக்க வைக்காது. நான் ரோட்டோரம் உட்கார்ந்து வண்டி எண்ணுகிறேன்.

2

ஒரு சிக்னலில் பச்சை எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எந்த ரோட்டை ஒன்வே ஆக்கலாம், எங்கே பாலம் கட்டலாம் என்று முடிவு செய்ய ஒரு படிப்பு இருக்கிறது. டிராபிக் இன்ஜினியரிங் என்று பெயர். அதைப் படித்தவர்கள் முடிவு செய்வதற்கு முன்னால், அந்த நாலு ரோட்டில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கத்துக்கு எத்தனை வண்டி திரும்புகிறது என்று யாராவது எண்ணித் தர வேண்டும். அந்த யாராவதுதான் நான்.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். கணக்குப் பேப்பர்கள் இன்னும் எனக்காகக் காத்திருக்கின்றன. அவற்றுக்குப் பொறுமை அதிகம். இந்தக் கம்பெனியில் என்னை இன்டர்வியூ எடுத்தது ஷில்பா மேடம். இன்ஜினியர், மைசூர்ப் பக்கம். நான்கு மொழி பேசுவார், எந்த மொழியிலும் சிரிக்க மாட்டார்.

“கணக்கு வருமா?”

“எண்ண வரும் மேடம்.”

“போன் பாக்காம ஒரே எடத்துல நாள் பூரா உக்காருவீங்களா?”

“ஸ்கூல்ல என்னை பெஞ்ச் மேல நிக்கவே வெச்சிருக்காங்க மேடம். உக்கார்றது ஈஸி.”

சிரிக்கவில்லை. ஆனால் தினக்கூலிக்கு எடுத்துக்கொண்டார்.

உண்மையில் எனக்கு இந்தத் தொழிலில் முன் அனுபவம் உண்டு. நானும் சாதிக்கும் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு ரயில்வே மேம்பாலத்தில் நின்று கூட்ஸ் பெட்டிகளை எண்ணியவர்கள். கடைசியில் வரும் கார்டு பெட்டியைச் சேர்க்கலாமா கூடாதா என்று சண்டை வரும். இங்கேயும் அதே சண்டைதான், ஏசி ரூமில் நடக்கிறது. எங்கள் கணக்கில் எல்லாமே காரில்தான் அளக்கப்படும். ஒரு பஸ் என்றால் மூன்று கார். ஒரு பைக் என்றால் அரைக் கார். அந்த பைக்கில் புருஷன், பெண்டாட்டி, முன்னால் ஒரு குழந்தை, நடுவில் ஒரு கேஸ் சிலிண்டர் இருந்தாலும் அரைக் கார்தான். மாட்டு வண்டிக்கும் தனிக் கட்டம் உண்டு. ஒரு வருஷமாக அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். ஒரு நாள் ஒரு மாடு வந்தது. வண்டி இல்லாமல் வந்ததால் சேர்க்க முடியவில்லை.

என் ஜோடி லூர்து அண்ணன். இங்கேயே காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சண்டையில் உருது. என்னை ‘குரு’ என்பார். இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் குரு என்பதால் நான் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை.

தினக்கூலிக்கு அடுத்த படி சைட் டெக்னீஷியன். கழுத்தில் அட்டை, மாதச் சம்பளம். அதற்கு ஒரு பரீட்சை: ஒரு ஜங்ஷனைத் தனியாகப் பொறுப்பெடுத்து, கேமரா கட்டுவதிலிருந்து கணக்கு ஒப்படைப்பது வரை முடித்துக் காட்ட வேண்டும். லூர்து அண்ணன் கூட வருவார், ஆனால் எதிலும் தலையிட மாட்டார். எனக்கு விழுந்தது சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாலு ரோடு.

இன்னொரு பக்கம் என் மாமா. திருப்பத்தூரில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறவர், இரண்டாவது கடையை ஆயுத பூஜை அன்று ஜோலார்பேட்டையில் திறக்கிறார். கல்லாவில் என்னை உட்கார வைக்க வேண்டும் என்று அம்மாவும் அவரும் பேசி முடித்துவிட்டார்கள். “அதுக்குள்ள அங்க வேல நிரந்தரம் ஆச்சுன்னா இரு. இல்லன்னா மூட்டையக் கட்டு,” என்றார் மாமா. சிமெண்ட் கடைக்காரருக்கு எல்லாமே மூட்டைதான்.

ஆக, ஆயுத பூஜைக்குள் எனக்கு ஒரே ஒரு ஒழுங்கான நாள் வேண்டும். அதுதான் கிடைக்கவில்லை.

எங்கள் தொழிலில் எண்ணுகிற நாள் ‘நார்மல் டே’யாக இருக்க வேண்டும். திங்கள் கூடாது, அன்றைக்குத்தான் ஊருக்குத் தூக்கம் கலைகிறது. வெள்ளி கூடாது, பாதிப் பேர் சொந்த ஊருக்கு ஓடுகிறார்கள், அதில் நானும் ஒருவன். சனி ஞாயிறு பற்றிப் பேசவே வேண்டாம். லீவு நாள், லீவுக்கு முதல் நாள், லீவுக்கு மறுநாள் கூடாது. மழை கூடாது. ஊர்வலம், பெரிய மனிதர் வருகை கூடாது. மிச்சமிருக்கிற செவ்வாய், புதன், வியாழனில் பெங்களூரு கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும்.

“இந்த ஊர்ல நார்மல் டே கடைசியா வந்தப்ப எங்க தாத்தா டிராம்ல போற வயசு குரு,” என்றார் லூர்து அண்ணன்.

“பெங்களூருல டிராம் ஓடுச்சாண்ணா?”

“இல்ல. நார்மல் டேயும் இல்ல.”

3

கேமரா கட்ட ஒரு கம்பம் வேண்டும். கம்பம் இருக்கிறது. அது யாருடையது என்பதுதான் கேள்வி.

மின்சார ஆபீஸில், கம்பத்தில் ஓடுகிற கரண்ட்தான் எங்களுடையது, கம்பம் மாநகராட்சியுடையது என்றார்கள். மாநகராட்சி ஆபீஸில், கம்பம் எங்களுடையதுதான், ஆனால் டிராபிக்கைப் பார்க்கிற கேமரா என்றால் போலீஸைக் கேள் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, கம்பத்துக்காரர் முதலில் எழுதித் தரட்டும் என்றார்கள். மூன்று பேரும் மரியாதையாகப் பேசினார்கள். மூன்று பேர் சொன்னதிலும் தப்பில்லை. அதனால்தான் எரிச்சல் தாங்கவில்லை. ஒருத்தராவது தப்பாகப் பேசியிருந்தால் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கலாம்.

கடைசியில் மாநகராட்சி ஆபீஸர் ஒருவர் இறங்கி வந்தார். பேனாவைக் கூட எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் கன்னடத்தில் ஆர்வம் காட்டினேன்.

“நீனு சைன் மாடு, நானு ஹோக்தீனி.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் தர்ஷினிதான் விளக்கினாள். “ஐயோ மாமா! ‘நீனு’ன்னா நீ. நீ சைன் போடு, நான் போறேன்னு சொல்லியிருக்கீங்க. பெரியவங்கள ‘நீவு’ சொல்லணும். இதுகூட கொத்தில்லவா?”

கொத்தில்லவா என்றால் தெரியாதா என்று அர்த்தம். தெரியாதுதான். நான் கன்னடம் கற்றது லூர்து அண்ணனிடம். அவர் கன்னடத்தில் மரியாதை என்கிற பாடமே கிடையாது. மறுநாள் நீவு, நீவு என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அன்றைக்கு அவர் லீவு.

தர்ஷினிக்குத் தமிழில் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும், அதுவும் ‘ஷி’ கால் முறிந்துபோய் இருக்கும். ஜோலார்பேட்டை என்று எழுதிக் காட்டினேன். கோலம் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “மாமா, நீங்க எப்போ உங்க ஊருக்குப் போவீங்க?” என்று கேட்டாள். உங்க ஊர். நான் பிறந்த அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுடைய அம்மாவும் பிறந்தாள் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

ஏனென்றால் எங்க ஊரிலும் நிலைமை அப்படித்தான். போன தடவை வந்தபோது என் கட்டில் மேல் அம்மாவின் தையல் மெஷின் ஏறி உட்கார்ந்திருந்தது. “நீ ரெண்டு நாள் தானடா இருக்கப்போற, அதைப் போய் எறக்கணுமா?” என்றாள். நம் செட்டு டீக்கடையை மாற்றிவிட்டது, எனக்கு யாரும் சொல்லவில்லை. பழைய கடையில் தனியாக நின்று ஒரு டீ குடித்தேன். அங்கே கட்டிலில் மெஷின். இங்கே அக்கா வீட்டு ஹாலில், ஃப்ரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவில் என் பாய். இரண்டுமே இரவல் இடம்.

4

கையெழுத்து ஒரு வழியாகக் கிடைத்தது. கேமராவைக் கட்டினோம்.

முதல் தடவை, வீடியோவை இறக்கிப் பார்த்தால் காலை பத்து மணிக்கு மேல் ரோடே இல்லை. ஒரு பெரிய துணிதான் இருந்தது. வெயில் ஏற ஏற அதற்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. மீசை, சங்கிலி, கும்பிட்ட கை. யாரோ வட்டாரத் தலைவருக்குப் பிறந்தநாள். பேனர் கட்டியவர்கள் கம்பத்தைப் பார்த்தார்கள், அதன் உச்சியில் இருந்த என் எதிர்காலத்தைப் பார்க்கவில்லை. நாள் முழுக்க அந்த ஆள் இடம் வலம் மாறி என்னையே கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை, பைப் போடுகிறவர்கள் விடியற்காலையில் ஒரு ரோட்டைத் தோண்டிவிட்டார்கள். நாலு ரோடு மூன்று ரோடாகிவிட்டது.

மூன்றாவது தடவை தப்பு என்னுடையது. காலண்டரில் சிவப்பு எழுத்து இல்லை, மழை இல்லை, புதன்கிழமை. கேமராவைப் போட்டுவிட்டுப் பார்த்தால் நாலு பக்கமும் காவி. சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா தொடங்கிவிட்டது. காக்ஸ் டவுனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் காவி உடுத்திச் செருப்பில்லாமல் ஜனங்கள் நடந்து வந்துகொண்டே இருந்தார்கள்.

“அண்ணா, உங்க திருவிழாதான? முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேக்கல குரு. தலையிடக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர்.”

அந்த வீடியோவை ஷில்பா மேடம் ஓட்டிப் பார்த்தார். நடுவில் நிறுத்தி, திரைக்குப் பக்கத்தில் போனார். “பாதசாரி கூட்டத்துல, அந்தக் காவி வேட்டி... இது நம்ம லூர்து தானே?”

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் ஒரு நடை போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். எனக்காகவும் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். அவரையும் ஒரு பாதசாரியாக எண்ணியிருந்தேன். அழித்தேன்.

5

மாதா கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. திருவிழா முடிந்து கூட்டம் அடங்கியபின் ஒரு புதன்கிழமை வந்தது. அப்படி ஒரு நாளை நான் பெங்களூரில் பார்த்ததில்லை. மழை இல்லை. தலைவர்கள் யாரும் பிறக்கவில்லை. தோண்டிய ரோடு மூடப்பட்டிருந்தது. ஒரு துணிக்கடையின் மாடிப்படியில் உட்கார்ந்து கேமராவையும் ரோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் பஸ் மாதிரி வந்தது, ஆட்டோ ஆட்டோ மாதிரி வந்தது. காலைக் கூட்டம் கச்சிதம். சாயங்காலக் கூட்டம் மட்டும் முடிந்தால் கழுத்தில் அட்டை.

அது தொடங்குகிற நேரம் பார்த்து சிக்னல் செத்தது. நாலு பக்கமும் மஞ்சள் விளக்கு கண்ணடித்தது. டிராபிக் கான்ஸ்டபிள் அடுத்த ஜங்ஷனுக்குப் போயிருந்தார், அங்கேயும் இதே கதையாம். நாலு ரோட்டு வண்டியும் ஒரே நேரத்தில் நடுவுக்கு வந்து, ஒன்றோடொன்று மூக்கை உரசி நின்றன. ஹாரன் மட்டும்தான் நகர்ந்தது.

எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று உண்டு. பார், எழுது, கை வைக்காதே. ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பூஜ்ஜியம். எந்தப் பக்கமும் எந்த வண்டியும் திரும்பவில்லை. இடது பூஜ்ஜியம், நேர் பூஜ்ஜியம், வலது பூஜ்ஜியம். சாயங்கால நேரம்தான் முழுக் கணக்குக்கும் உயிர். அது பூஜ்ஜியமாகப் போனால் மேடம் நாளையே தள்ளிவிடுவார், நாள் போனால் அட்டை போகும், அட்டை போனால் சிமெண்ட். இவ்வளவு நார்மலான ஒரு நாளை மஞ்சள் விளக்கு கெடுக்க விடுவதா?

கீழே மாட்டிக்கொண்ட ஒரு ஆட்டோக்காரர், படியில் ஒளிரும் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கத்தினார். “க்யா பாய், பைட்கே தேக்ரா? நீச்சே ஆ!” உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாயா, கீழே வா என்கிறார். அதற்காகத்தான் காத்திருந்தேன்போல. எழுந்துவிட்டேன்.

ஸ்கூட்டரில் சாய்ந்திருந்த லூர்து அண்ணன் தலையிடக் கூடாது என்பதையே மறந்துவிட்டார். “ஏய், எங்க போற? எறங்காத! நம்மது பாக்கற வேல மட்டும்!”

“பாத்துட்டேதான் போறேன்ணா.”

நடுவில் போய் நின்றேன். முதலில் பஸ்ஸுக்கு வழி விட்டேன், ஒரே அடியில் மூன்று கார் கணக்கில் ஏறும் இல்லையா? அரைக் கார்களை ஓரங்கட்டினேன். ஒரு காரை இரண்டு அடி பின்னால் தள்ள வைத்து, அந்த இடைவெளியில் இரண்டு பஸ்களை உருவி எடுத்தேன். முடிச்சு அவிழ்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் அத்தனை பேர் என் பேச்சைக் கேட்டதில்லை. கறி மூட்டை ஏற்றிய மொபெட்டில் ஒரு பெரியவர் பக்கத்தில் நிறுத்தினார்.

“தம்பி புதுசா? எந்த ஸ்டேஷன்?”

“ஜோலார்பேட்டை ஸ்டேஷன்ணே. போங்க, போங்க.”

லூர்து அண்ணன் பதறிக்கொண்டே வீடியோ எடுத்திருந்தார். சிக்னல் உயிர் பெற்றதும் நான் படியேறி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்த வீடியோவை சாதிக்குக்கு அனுப்பினேன். ‘உன் நண்பன், பெங்களூரின் அரசன்’ என்று கீழே எழுதினேன். அந்த நாய் அதை அம்மாவுக்கு அனுப்பிவிட்டான். அம்மா தெருவுக்கே காட்டிவிட்டாள். அன்றைக்கே அம்மாவிடமிருந்து போன். “போலீஸ்ல சேந்துட்டியா? சொல்லவேயில்ல!”

6

மேடம் வீடியோவை நிறுத்தினார். திரையின் நடுவில் நான், இரண்டு கையையும் விரித்து, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு.

“சரவணா, இந்த மனுஷன் யாரு?”

“நல்லா வேல செய்றவர் மாதிரி தெரியுது மேடம்.”

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். “சிக்னல் போச்சு. எழுதி வெச்சிருந்தா போதும். அந்த நேரத்த மட்டும் எடுத்துட்டு, இன்னொரு நாள் சாயங்காலம் எண்ணியிருக்கலாம். இதெல்லாம் நடக்கறதுதான். காலைக் கணக்கு நல்லா இருக்கு.”

“அப்போ சாயங்காலம் மட்டும் நானே இன்னொரு நாள்...”

“அத வேற ஆள் எண்ணட்டும். எனக்கு இப்போ பிரச்சன கணக்கு இல்ல. உங்கள ஒரு ஜங்ஷன்ல தனியா விட்டா, நீங்க சும்மா இருப்பீங்களா? டெஸ்ட் அதுதானே?”

“வண்டியே போகல மேடம். எல்லாம் ஜீரோ.”

“போகலன்னா, போகலன்னு தான் எனக்குத் தெரியணும்.” கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. “நீங்க இல்லாதப்போ அந்த எடம் எப்படி இருக்கும்? அது மட்டும்தான் என் கேள்வி. நீங்க நடுவுல நின்னா எப்படி இருக்கும்னு நான் கேக்கல. தெனமும் அங்க நிக்கப் போறீங்களா?”

மேடம் வீடியோவை மூடிவிட்டு ஒரு அட்டவணையைத் திறந்தார்.

“தீபாவளி முடிஞ்சு தொம்மலூர் ஜங்ஷன் ஒண்ணு வருது. வேணும்னா அதத் தனியா எடுங்க. அது வரைக்கும் டெய்லி கூலி தான்.”

தீபாவளி ஆயுத பூஜைக்கு அப்புறம் வருகிறது. அதை மாற்ற எந்த ஆபீஸிலும் மனு வாங்க மாட்டார்கள்.

வெளியே லூர்து அண்ணன் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வா குரு, டீ குடிக்கலாம்,” என்றார். டீக்கடையில், “ஆனா சக்கத்தா க்ளியர் பண்ண,” என்றார். சக்கத் என்றால் பிரமாதம். அது ஆறுதலா, கிண்டலா என்று இன்னும் தெரியவில்லை. அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

7

நேற்று மாமா பேசினார். வீடியோவை அவரும் பார்த்திருக்கிறார். “வெயில்ல நின்னு கை ஆட்டறதுக்கா பெங்களூரு போன? இங்க ஃபேன் கீழ உக்காந்து பில் போடு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவச் சொல்லு. நீ இல்லன்னா வேற ஆள் போடணும்.”

அம்மா பக்கத்திலிருந்து, “மெஷின எறக்கி வெச்சுடறேன்னு சொல்லுங்க,” என்று குரல் கொடுத்தாள்.

எரிச்சலாக இருக்கிறது. கம்பத்தின் மேல் எரிச்சல், பேனர் மீசைக்காரர் மேல் எரிச்சல், அந்த மஞ்சள் விளக்கின் மேல் எரிச்சல். மேடம் மேல் எரிச்சல்பட முயற்சி செய்து பார்த்தேன், சரியாக வரவில்லை. சும்மா உட்கார்ந்து பார்ப்பதுதான் இந்த வேலை. எண்ணத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். நான் வகுப்பில் சும்மா உட்காராததால்தான் பாலிடெக்னிக் போனது, இப்போது ரோட்டிலும் அதே கதை. தொம்மலூரில் அது முடியுமா என்று தெரியவில்லை. அதுவும் அக்கா வீட்டுத் தெருமுனை. தர்ஷினி ஸ்கூல் பஸ்ஸிலிருந்து கையாட்டினால் நான் திரும்பக் கையாட்டாமல் இருக்க வேண்டும்.

ஆனால் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. சிமெண்ட் கடையில் நான் உட்கார்ந்தாலும் மூட்டை மூட்டையாகத்தான் விற்கும், உட்காராவிட்டாலும் அப்படித்தான். இங்கே ஒரு சிக்னலில் பச்சை கொஞ்சம் கூடுதலாக எரிந்தால், அதில் நான் எண்ணிய பைக் ஒன்று, அரைக் கார்தான், இருக்கும்.

இவ்வளவையும் எழுதி சாதிக்குக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கடைசியில், “போடறதா இருந்தா போடு, இல்ல கிழிச்சுடு. ஒண்ணு மட்டும் சொல்லு. மாமாகிட்ட என்ன சொல்ல? ஊருக்கு வந்துடவா?” என்று கேட்டேன். பார்த்துவிட்டான் என்று நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. யாருக்காவது ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருப்பான். பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் குளித்து வந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி இருந்தது.

“நீ இல்லாம இங்க எல்லாம் நார்மலாத்தான்டா இருக்கு, வந்து கெடுத்துடாத.”